கேமன் எஸ் 987: பிரேக்குக்குப் பெரிய டக்ட் போட்டால் சூடு குறையுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

2007 போர்ஷே கேமன் எஸ் (987 மாடல்) வைத்திருக்கிறேன். மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டுகிறேன். நாலைந்து சுற்று வேகமாகப் போனதும் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே இறங்குகிறது. பிட்டில் நிறுத்தி ஆறவிட்டால் பழையபடி வந்துவிடுகிறது. பிரேக்குக்குக் காற்றைத் திருப்பிவிடும் ஜிடி3 டக்ட் மாட்டினால் போதும் என்கிறார் ஒருவர். பம்பரில் துளை போட்டு 3 அங்குலக் குழாய் இழுத்தால்தான் தீரும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?

மார்ச் 2, இரவு

பம்பரில் கை வைக்காதீர்கள். முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள்.

பெடல் கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்கவில்லை என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடு சூடேறியதன் வேலை. பெடலே இறங்குகிறது, ஆறினால் திரும்ப வருகிறது என்றால் பேடை அழுத்துகிற காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை.

கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி என்பதுதான் குறைந்தபட்சக் கொதிநிலை. மலேசியக் காற்றின் ஈரத்தில் அந்த ஆயில் எவ்வளவு வேகமாகக் கெடும் என்று யோசித்துப் பாருங்கள். அது கடையில் வாங்கின சாதாரண டாட் 4 என்றால் டக்ட் பேச்சே அப்புறம்தான்.

மார்ச் 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் டக்ட் வீண் என்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. என்னிடமும் இதே கார்தான், ஓட்டுவதும் இதே டிராக்தான், ஜிடி3 டக்ட் மாட்டித்தான் ஓட்டுகிறேன். 987-க்குச் செலவழிக்கிற காசுக்கு இவ்வளவு பலன் தருகிற சாமான் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து மாட்ட வேண்டும்.

பார்க்காதவர்களுக்காக: காரைத் தூக்கி முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கை) கறுப்புப் பிளாஸ்டிக் தகடு ஒன்று தொங்கும். காரின் அடியில் ஓடுகிற காற்றை மடக்கி டிஸ்க் பக்கம் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. போர்ஷே கம்பெனியிலிருந்தே அது வருகிறது, ஆனால் சின்னது. 911 ஜிடி3-யில் வருகிற தகடு உயரமானது, அகலமானது. காற்றைத் திருப்பும் வளைவும் பெரியது. அந்தக் காலத்து 911-க்கும் பாக்ஸ்டர், கேமனுக்கும் முன் சஸ்பென்ஷன் நெருங்கிய உறவு என்பதால் ஜிடி3 சாமான் நம் ஆர்மிலும் உட்காருகிறது. குழாய் கிடையாது, கிளாம்ப் கிடையாது, பம்பரை வெட்டவும் வேண்டாம்.

மாட்டுவது அரை நாள் வேலைகூட இல்லை. என் காரில் பிரேக் ஹோஸ் பக்கம் ஓரம் கொஞ்சம் இடித்தது, கத்தியால் சீவினேன். கொக்கிகளை மட்டும் நம்பாமல் இரண்டு கேபிள் டை போட்டேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் எங்கும் தொடுகிறதா என்று பாருங்கள். கார் ஜாக்கில் தொங்கும்போது பார்த்தால் போதாது. சக்கரம் தரையில் இருந்து சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் பார்க்க வேண்டும்.

மார்ச் 5

"டக்ட் பெரிதாக இருந்தால் சூடு குறையும்" என்று எல்லோரும் வாயின் அளவைத்தான் பேசுகிறார்கள். காற்று எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் மனதில் நெடுநாளாக இருக்கிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நம் முன் டிஸ்க் 318 மில்லிமீட்டர் விட்டம், 28 மில்லிமீட்டர் தடிமன். அது ஒரே கட்டி இல்லை. இரண்டு வட்டத்தகடுகள், நடுவில் வளைந்த தடுப்புகள், தடுப்புகளுக்கு இடையே காற்று போக வழி. சக்கரம் சுற்றும்போது நடுத்துளைப் பக்கமிருந்து காற்றை இழுத்து வெளி விளிம்பு வழியாகத் தள்ளும். டிஸ்க்கே ஒரு பம்ப். ஆகவே அந்தப் பம்புக்குத் தீனி போட வேண்டிய இடம் நடுத்துளை. டிஸ்க்கின் பளபளப்பான முகத்தில் காற்றடித்தால் அந்த ஒரு முகம் மட்டும் ஆறும், வெளி முகம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரே டிஸ்க்கின் இரண்டு முகத்துக்கும் சூடு வேறுபட்டால் அது குடை மாதிரி வளையப் பார்க்கும், விரிசலும் சீக்கிரம் வரும்.

இப்போது டஸ்ட் ஷீல்டைப் பாருங்கள். டிஸ்க்குக்கு உள் பக்கம் இருக்கிற மெல்லிய தகரம். நீங்கள் எவ்வளவு பெரிய டக்ட் மாட்டினாலும், அது பிடித்து அனுப்புகிற காற்று இந்தத் தகரத்தில் மோதிச் சிதறினால் என்ன பயன்? ஜிடி3 டக்ட் போட்டும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்ன ஒருவரின் காரைப் பார்த்தேன். தகரம் கல்லடி பட்டு உள்நோக்கி வளைந்து, நடுத்துளைப் பக்க வழியைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. தகரத்தை நிமிர்த்திய பிறகு அதே டக்ட் வேலை செய்தது.

தகரத்தை முழுக்கக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. அதற்குப் பின்னால் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை இருக்கிறது, ஏபிஎஸ் சென்சார் ஒயர் இருக்கிறது. சிவக்கச் சுட்ட டிஸ்க்கை அவற்றுக்கு நேராகக் காட்டக் கூடாது.

மார்ச் 5, சற்றுக் கழித்து

எவ்வளவு சூடு என்று ஒருவர் கேட்டார். காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து கார் 1,420 கிலோ. 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கினால் சுமார் 18 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முன் சக்கரங்கள் அதில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கும் என்று வைத்தால் ஒரு முன் டிஸ்க்குக்கு 6 லட்சம். டிஸ்க் எடை ஒன்பது கிலோ என்றால் ஒரே ஒரு பிரேக்கில் அது 140 டிகிரி ஏறும். ஏற்கெனவே 400-ல் இருந்தால் 540.

அந்த மூன்று, நாலு விநாடிப் பிரேக்கில் எந்த டக்டும் இதைத் தடுக்க முடியாது. டக்ட் வேலை செய்வது அடுத்த நேர்பாதையில். அடுத்த பிரேக்குக்கு வரும்போது டிஸ்க் 400-ல் இருக்கிறதா 320-ல் இருக்கிறதா என்பதை அது தீர்மானிக்கும். சுற்று ஏற ஏறச் சூடு மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகாமல் ஓர் அளவில் நிற்பது அதனால்தான்.

மார்ச் 6

செபாங் தெரியாதவர்களுக்கு: 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. 1999-லிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த டிராக். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இரண்டு நேர்பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், இரண்டையும் இணைப்பது 15-ஆம் வளைவு. அதாவது முழு வேகத்தில் வந்து பலமாகப் பிரேக், திரும்பி, மறுபடி முழு வேகம், மறுபடி முதல் வளைவில் பலமாகப் பிரேக். இரண்டு பெரிய பிரேக்குக்கும் நடுவே நல்ல காற்று கிடைக்கிறது என்பது நம் பாக்கியம்.

சங்கடம் 9-ஆம் வளைவில். அதுவும் கொண்டை ஊசிதான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்த அளவு நேர்பாதை இல்லை. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏறும் என்பதால் 200-ல் கிடைக்கிற அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான் 80-ல் கிடைக்கும். மெதுவான பகுதியில் டக்டின் வாய் எவ்வளவு அகலமானாலும் பெரிதாக ஒன்றும் வராது.

மார்ச் 12

கேள்வி கேட்ட நண்பர் ஆயில் மாற்றிவிட்டு எழுதியிருக்கிறார். பழைய ஆயில் தேநீர் நிறத்தில் வந்ததாம். புதிது ஊற்றிய பிறகு ஒரு முழு செஷனும் பெடல் இறங்கவில்லை. மகிழ்ச்சி.

எதை ஊற்றினால் நல்லது என்று பலர் கேட்பதால்: மோட்டுல் ஆர்பிஎஃப் 660-க்குப் புதிதில் 325 டிகிரி, ஈரம் ஏறினால் 204. கேஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப்-க்குப் புதிதில் 320, ஈரம் ஏறிய பிறகும் 270. அடிக்கடி மாற்றத் தயார் என்றால் முதலாவது போதும். வருஷத்துக்கு ஒரு முறைதான் மாற்றுவேன் என்றால் இரண்டாவதற்குக் காசு கொடுங்கள். நம் ஊரில் பார்க்க வேண்டிய எண் அந்த ஈர எண்தான்.

இன்னொன்று. பேடு பாதி தேய்ந்ததும் டிராக்குக்கு எடுத்துப் போகாதீர்கள். டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சூட்டைத் தடுப்பது அந்தப் பேடின் தடிமன்தான். பாதி ஆனதும் ஆயிலுக்குப் போகிற சூடு கூடிவிடும். செஷன் முடிந்து வந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். நின்ற பிறகு டக்டுக்கும் காற்று இல்லை, டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஊறுகிற நேரம் அதுதான். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வருவதைப் போலப் பலன் தருவது வேறில்லை.

மார்ச் 19

சூட்டை எப்படி அளக்கிறீர்கள் என்ற கேள்விக்கு.

பிட்டில் நின்றபிறகு அகச்சிவப்புத் துப்பாக்கியை டிஸ்க்கில் காட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அது காட்டுவது மெதுவான கடைசிச் சுற்றுக்குப் பிறகு மிஞ்சிய சூடு. அதிலும் பளபளக்கும் இரும்பில் அந்தக் கருவி உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும். இடது, வலது ஒப்பிட உதவும், உச்சச் சூடு என்னவென்று சொல்லாது.

நான் நம்புவது வெப்பப் பெயின்ட். டிஸ்க்கின் வெளி விளிம்பில் மூன்று கோடு பூச வேண்டும். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். எந்தக் கோடு மாறியிருக்கிறதோ அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம். காலிப்பரில் ஒட்டச் சூட்டுப் பட்டைகளும் கிடைக்கின்றன. ஆயிலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதையும் ஒட்டுங்கள்.

கம்பெனி டக்டோடு ஓடியபோது என் காரில் பச்சையும் ஆரஞ்சும் மாறியிருந்தன. ஜிடி3 டக்டோடு ஓடியபோது பச்சை மட்டும்தான் மாறியது.

மார்ச் 20

நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே திருப்தி இல்லை. இரண்டும் வேறு வேறு நாள். ஒன்று வெயில் கொளுத்திய பிற்பகல், மற்றது மேகமூட்டமான காலை. டயரும் ஒரே நிலையில் இல்லை. டிராக்கில் அன்றைக்கு எவ்வளவு கூட்டம், எத்தனை முறை யாருக்காவது வழிவிட்டு வேகத்தைக் குறைத்தேன் என்பதும் கணக்கில் வரும். இந்த வித்தியாசத்தை முழுக்க டக்டுக்கே எழுதிவைப்பது நியாயமில்லை.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே காரில், ஒரே ஓட்டத்தில், ஒரு பக்கம் பெரியது, மறு பக்கம் சின்னது மாட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை செய்கிறேன்.

ஏப்ரல் 2

செய்தாயிற்று. காலையில் வலது முன் சக்கரத்தில் ஜிடி3 டக்ட், இடதில் கம்பெனி டக்ட். அப்புறம் இரண்டையும் மாற்றிப் போட்டுப் புதிதாகப் பெயின்ட் பூசி மறுபடி ஓடினேன். வழக்கமாகப் போகிற டிராக் டே பட்டறைத் தவுக்கே (முதலாளி) பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு காரில் இரண்டு விதமான டக்டா என்று அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கழற்றி மாட்ட அவரே கை கொடுத்தார்.

காலையில்: வலதில் பச்சை மட்டும் மாறியது. இடதில் பச்சையும் ஆரஞ்சும்.

மாற்றிய பிறகு: இடதில் பச்சை முழுக்க மாறி, ஆரஞ்சு ஓரத்தில் மட்டும் லேசாக. வலதில் பச்சையும் ஆரஞ்சில் பெரும் பகுதியும்.

பெரிய டக்ட் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் குளிர்ந்தது. பலன் டக்டினுடையது என்று இப்போது மனதாரச் சொல்லுவேன். இடது கொஞ்சம் அதிகம் சூடானதற்கு டிராக் காரணமாக இருக்கலாம். செபாங் கடிகாரச் சுற்றில் ஓடுவது, வலது வளைவுகள்தான் அதிகம், 14-இல் திரும்பிக்கொண்டே பிரேக் போடும்போது பாரம் இடது முன் சக்கரத்தில் விழுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே முயல வேண்டாம். இரண்டு பக்கமும் சூடு வேறுபட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கலாம். நான் பிரேக்கை முன்கூட்டியே போட்டு, இடம் விட்டுத்தான் ஓட்டினேன்.

ஏப்ரல் 4

இனி அந்த 3 அங்குலக் குழாய்க்கு வருவோம். பம்பரில் வாய், அங்கிருந்து வளையும் சிலிக்கான் குழாய், டஸ்ட் ஷீல்டுக்குப் பதிலாகக் குழாய் மூக்கு பொருத்திய தகடு. முறையாகச் செய்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. காற்று நேராக நடுத்துளைக்குப் போகிறது. பந்தயக் கார்களில் இதுதான் வழக்கம்.

கணக்கும் அதன் பக்கம்தான்: இரண்டரை அங்குலக் குழாயைவிட 3 அங்குலக் குழாய்க்கு 44 சதவீதம் அதிக வாய்ப்பரப்பு. ஆனால் அந்தக் கணக்கு நேரான குழாய்க்கு. நம் காரில் குழாய் ரேடியேட்டரைச் சுற்றி, சக்கரத்தை மூடும் பிளாஸ்டிக் லைனருக்குள் நுழைந்து, சக்கரம் திரும்பும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். தடித்த குழாய்க்கு இடம் போதாமல் ஒரு மூலையில் நசுங்கினால் 3 அங்குலம் இரண்டு அங்குலம் ஆகிவிடும். நண்பர் ஒருவர் காரில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் உரசி உரசி, குழாயின் கம்பிச் சுருளே வெளியே வந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கின செட் அது. ஒரு பக்கம் கிழிந்த குழாயோடு அவர் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

வாய் வைக்கும் இடமும் முக்கியம். பம்பரில் காற்று நேராக மோதுகிற பகுதியில் வைத்தால்தான் தள்ளுகிற அழுத்தம் கிடைக்கும். பம்பர் வளைந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் இடத்தில் காற்று வழுக்கிக்கொண்டு ஓடும், அங்கே வாய் வைத்தால் அழகுக்கு மட்டும்தான். ரேடியேட்டருக்குப் போகிற காற்றைத் திருடினால் இந்த வெயிலில் இன்ஜின் சூடேறும். அடுப்பின் வாய்க்கு நேரே வைக்காத ஊதாங்குழலை எவ்வளவு பலமாக ஊதினாலும் நெருப்பு எரியாது. குழாய் வேலையும் அப்படித்தான், இரண்டு முனையும் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு: ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) போட்டு, நேரக்கணக்கில் பந்தயம் ஓட்டுகிறவருக்குக் குழாய். வீட்டிலிருந்து ஓட்டி வந்து, ஓட்டி முடித்து அதே காரில் வீட்டுக்குப் போகிற நமக்கு ஜிடி3 டக்ட்.

ஏப்ரல் 9

மழையில் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. செபாங்கில் பிற்பகல் மழை வராத நாளை விரல்விட்டு எண்ணலாம். பெரிய டக்ட் தண்ணீரையும் சேர்த்து அள்ளி டிஸ்க்கில் அடிக்கும். கடினமான டிராக் பேடு போட்டிருந்தால் முதல் மிதிப்பில் ஒரு கணம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம்தான் கடிக்கும். வீடு திரும்பும் நெடுஞ்சாலையில் மழை பெய்தால் அவ்வப்போது பெடலை லேசாகத் தொட்டு டிஸ்க்கை உலர்த்திக்கொள்கிறேன். பந்தய அணிகள் தேவைக்கேற்ப வாயை டேப் ஒட்டி அடைப்பதும் இதனால்தான். அதிகம் குளிர்ந்த பேடும் சரியாகப் பிடிக்காது.

டக்ட் என்றால் ஏதோ பிளாஸ்டிக் துண்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. 2020-இல் ஃபார்முலா ஒன்னில் ரேசிங் பாயின்ட் அணிக்கு 15 புள்ளி வெட்டும் 4 லட்சம் யூரோ அபராதமும் விழுந்தது. காரணம், பின் பிரேக் டக்ட். மெர்சிடஸின் முந்தைய வருஷ டக்ட் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று ரெனோ அணி புகார் கொடுத்து, அது தீர்ப்பானது. அந்தக் கார்களில் டக்ட் பிரேக்கை ஆற்றுவதோடு சக்கரத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓட வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. அதனால்தான் அவ்வளவு சண்டை.

ஏப்ரல் 10

காரை இறக்கி ஓட்டுகிறவர்கள் கவனிக்க. ஜிடி3 டக்ட் கம்பெனி டக்டைவிடக் கீழே தொங்கும். ஷாப்பிங் மால் கார் பார்க் சரிவிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) தெருக்களின் வேகத்தடைகளிலும் அடி வாங்கும். வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக்தான், சட்டென்று உடையாது. ஆனாலும் டிராக் நாளுக்கு முந்தைய நாள் கீழே படுத்து ஒரு பார்வை பாருங்கள். ஒரு பக்கம் கழன்று விழுந்திருந்தால் ஓட்டும்போது தெரியவே தெரியாது.

மே 7

நண்பர் இப்போது டக்டும் மாட்டிவிட்டார், பெயின்டும் பூசி ஓட்டிவிட்டார். அவர் காரிலும் ஆரஞ்சுக் கோடு மாறவில்லை. ஆனால் அவர் டிஸ்க்கை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தபோது துளைகளைச் சுற்றி முடி போன்ற விரிசல்கள் இருந்தன, ஒன்று விளிம்பு வரை ஓடியிருந்தது. பழைய சூட்டின் வேலை அது. டக்ட் வந்த பிறகு அது மூடிக்கொள்ளப் போவதில்லை. துளையிட்ட டிஸ்க்கில் சின்ன விரிசல்கள் வருவது சகஜம். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கோ, விளிம்புக்கோ போய்ச் சேர்ந்தால் அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்து துளையில்லாமல் கோடு வெட்டிய டிஸ்க் வாங்கலாமா என்கிறார். வாங்குங்கள். வாங்கும்போது உள்தடுப்புகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி டிஸ்க் உண்டு. மேல்முனை காரின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்றை வெளியே தள்ளும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே டிஸ்க்கைக் கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள். பம்ப் ஒரு பக்கம் ஒழுங்காக இழுக்காது, அப்புறம் டக்ட் கொண்டுவருகிற காற்றும் அந்தப் பக்கம் பாதி வீண்.